மிக மெதுவாக நடப்பவரிலிருந்து திட்டம் தொடங்கட்டும்

கடந்த விடுமுறையில் உம்மும்மாவைக் கூட்டிக்கொண்டு தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக்குப் பல நாட்கள் போய் வந்தேன். அவருக்கு அங்குள்ள புற்றுநோய்ப் பிரிவில் கதிர்வீச்சுச் சிகிச்சை. காத்திருக்கும் நேரத்தில் படிக்கலாமென்று என் புவியியல் ஒப்படையையும் எடுத்துச் சென்றிருந்தேன். "கூடங்குளம் அணுமின் நிலையமும் அவசரகால வெளியேற்ற ஏற்பாடுகளும்" என்பது நான் தெரிவுசெய்த தலைப்பு. கதிர்வீச்சால் உம்மும்மாவைக் காப்பாற்றும் இடத்தில் இருந்துகொண்டே, கதிர்வீச்சிலிருந்து ஓர் ஊரைக் காப்பாற்றுவது எப்படி என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வாங்கில் இருந்த தெல்லிப்பழை அம்மா ஒருவர் என் வரைபடத்தை எட்டிப் பார்த்தார். என்னவென்று கேட்டார். சொன்னேன். "பிள்ளை, ரோட்டு எவ்வளவு அகலமெண்டு எழுதுறாய். ரோட்டில ஆர் ஆர் நிண்டவை எண்டும் எழுது" என்றார்.

அவர் 1990 இல் தெல்லிப்பழையை விட்டு வெளிக்கிட்டவர். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு, தஞ்சமிருந்த இடத்தையும் விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தவர். அந்த இரவில் வலிகாமத்தின் இலட்சக்கணக்கான மக்கள் நாவற்குழிப் பாலத்தாலும் கோப்பாய் - கைதடிப் பாதையாலும் போக வேண்டியிருந்தது. நடக்க முடியாத தகப்பனைச் சைக்கிள் கரியரில் இருத்தி, மழைக்குள்ளே உருட்டிக்கொண்டு போனாராம். "கால் மைல் போக ரெண்டு மணித்தியாலம்" என்றார்.

அதைக் கேட்ட உம்மும்மா மெல்லச் சொன்னார்: "எங்களுக்குத் தந்ததே ரெண்டு மணித்தியாலம்தான் மகள்." 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் ஆயுதமுனையில் வெளியேற்றப்பட்ட நாளைத்தான் அவர் சொன்னார். இருவருக்கும் ஒரே திகதி. இடையில் ஐந்து வருடம்.

மக்களைத் துரத்துவது வேறு, மக்களைக் காப்பதற்காக வெளியேற்றுவது வேறு. முதலாவது அநியாயம், இரண்டாவது அரசின் கடமை. ஆனால் வீதியில் நிற்கும் கிழவிக்கும் கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் இரண்டிலும் ஒரே கஷ்டம்தான். ஆகவே வெளியேற்றத் திட்டம் எதுவாக இருந்தாலும் அது வாகனத்தின் வேகத்திலிருந்து தொடங்கக் கூடாது. ஊரிலேயே மிக மெதுவாக நடப்பவரிலிருந்து தொடங்க வேண்டும். இதுவே என் கருத்து.

தெல்லிப்பழையிலிருந்து நேர்கோட்டில் பார்த்தால் கூடங்குளமும் கல்பாக்கமும் ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கின்றன. இந்திய விதிகளின்படி அவசரகாலத் திட்டம் போடப்படுவது நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீற்றர் வரைதான். ஆதலால் நாளைக்கே நாங்கள் ஓட வேண்டிவரும் என்று பயமுறுத்த நான் இதை எழுதவில்லை. அங்கே அலைவாய்க்கரையில் வாழ்பவர்கள் எங்கள் மயிலிட்டி, காங்கேசன்துறை மீனவர்களைப் போன்றவர்கள். எங்கள் மொழியைப் பேசுகிறவர்கள். அவர்களுடைய வீதிக் கணக்கு எங்களுக்கும் ஒரு பாடம்.

கூடங்குளத்தின் முதலாவது அணுஉலை 2013 ஜூலையிலும் இரண்டாவது 2016 ஜூலையிலும் இயங்கத் தொடங்கின. ஒவ்வொன்றும் 1000 மெகாவாற் கொள்ளளவு கொண்டது. சில கிலோமீற்றர் தூரத்தில் இடிந்தகரை என்ற மீனவக் கிராமம் இருக்கிறது. அங்குள்ள மாதா கோயில் முன்றலில் பெண்களும் பிள்ளைகளும் மாதக்கணக்காக அமர்ந்து போராடியதை உலகமே பார்த்தது. அவர்கள் கேட்ட கேள்விகளில் ஒன்று மிக எளிமையானது: ஏதாவது நடந்தால் நாங்கள் எந்தப் பாதையால், எதில் ஏறி, எங்கே போவது?

நிலைய வளாகத்துக்கு வெளியே மக்களைக் காக்கும் திட்டத்துக்கு மாவட்ட ஆட்சியரே பொறுப்பு. 2012 ஜூன் மாதத்தில் நக்கனேரி என்ற சிறு கிராமத்தில் வெளியேற்ற ஒத்திகை ஒன்று நடத்தப்பட்டது. சனநெருக்கம் மிகுந்த கரையோர ஊர்களை விட்டுவிட்டு உள்நாட்டில் ஒரு சிறு கிராமத்தில் நடத்துவது எப்படி ஒத்திகையாகும் என்று போராடியவர்கள் கேட்டார்கள். 2013 மே 6 ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் நிலையத்தை இயக்க அனுமதித்தபோதும், அவசரகால ஆயத்தம் குறித்துப் பணிப்புரைகளையும் சேர்த்தே வழங்கியது. ஒரு சின்ன ஊரில் ஒரு தடவை செய்துபார்த்தது போதாது என்பது நீதிமன்றத்துக்கும் தெரிந்திருக்கிறது.

இனி ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். பத்தாயிரம் பேர் வாழும் ஒரு கரையோர ஊர். வெளியே போக ஒரு பாதை. அதனால் மணித்தியாலத்துக்கு ஆயிரம் வாகனங்கள் போகலாம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாகனத்தில் மூன்று பேர் என்றால் மூவாயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட வாகனங்கள் வேண்டும். மூன்று மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். அதுவும் ஒன்றும் பழுதடையாமல், ஒன்றோடொன்று மோதாமல் இருந்தால்தான். அதே பத்தாயிரம் பேரும் பஸ்ஸுக்கு ஐம்பது பேராகப் போனால் இருநூறு பஸ் போதும். பாதையில் இடமும் மிஞ்சும். அம்பியூலன்ஸ் எதிர்த்திசையில் உள்ளே வரவும் முடியும். இடிந்தகரையிலோ எங்கள் கரையோரங்களிலோ எல்லா வீட்டிலும் கார் இல்லை. எனவே "பாதையை அகலமாக்குங்கள்" என்பதற்கு முன் "பஸ் எங்கே நிற்கும், சாரதி யார், அவருடைய குடும்பத்தை யார் பார்ப்பார்கள்" என்று கேட்க வேண்டும். தன் பிள்ளைகள் எங்கே என்று தெரியாத சாரதி முதலில் தன் வீட்டுக்குத்தான் ஓடுவார். அவரைக் குறைசொல்ல முடியாது.

1986 ஏப்ரல் 27 ஆம் திகதி, செர்னோபில் விபத்து நடந்த மறுநாள், பிரிப்பியாற் நகரத்தின் ஏறத்தாழ 49,000 மக்களைச் சுமார் 1,200 பஸ்களில் ஏற்றிச் சில மணித்தியாலங்களுக்குள் வெளியே கொண்டுபோனார்கள். பஸ் இருந்ததால் அது முடிந்தது. ஆனால் அந்த மக்களுக்கு மூன்று நாட்களில் திரும்பலாம் என்று சொல்லப்பட்டது. அவர்கள் திரும்பவேயில்லை.

2011 மார்ச்சில் ஜப்பானின் புகுஷிமாவில் நடந்தது இன்னொரு பாடம். முதலில் இரண்டு கிலோமீற்றர், பிறகு மூன்று, மறுநாள் காலை பத்து, அன்று மாலை இருபது என்று வெளியேற்ற வட்டம் ஒரு நாளைக்குள் விரிந்துகொண்டே போனது. நமியே என்ற ஊரின் மக்கள் பலர் பாதுகாப்பென்று நினைத்துப் போன பக்கத்துக்கே காற்று கதிர்த்தூசியையும் கொண்டுபோனது. காற்றின் திசையைக் கணித்த தகவல் அரசிடம் இருந்தும் உரிய நேரத்தில் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. நிலையத்துக்கு அருகிலிருந்த ஒரு வைத்தியசாலையின் முதிய நோயாளிகளைப் போதிய வைத்தியரும் மருந்தும் இல்லாமல் பஸ்களில் ஏற்றி நீண்ட தூரம் அலைக்கழித்ததில், வழியிலும் பிறகும் நாற்பது பேரளவில் இறந்தார்கள். அவர்களைக் கொன்றது கதிர்வீச்சு அல்ல, பயணம்தான். இதை வாசித்தபோது நான் தெல்லிப்பழை வைத்தியசாலை வாங்கில்தான் இருந்தேன். சிகிச்சை முடிந்து உள்ளேயிருந்து சுவரைப் பிடித்துப் பிடித்து உம்மும்மா வந்துகொண்டிருந்தார்.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்குகிறது. எல்லோரும் எப்போதும் ஓட வேண்டும் என்பதில்லை. சில வேளைகளில் கதவு, ஜன்னலை அடைத்து வீட்டுக்குள் இருப்பதே பாதுகாப்பு. யார் போவது, யார் இருப்பது, இருப்பவருக்கு மருந்தையும் தண்ணீரையும் யார் கொண்டுவருவது என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். சைரன் ஊதிய பிறகு அதைக் கூடிப் பேச நேரம் இருக்காது.

ஆபத்து ஒன்றாக மட்டும் வரும் என்றும் நினைக்கக் கூடாது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமி கல்பாக்கத்தையும் தாக்கியது. கடல்நீர் அணுமின் நிலையத்தின் நீரேற்று அறைக்குள் புகுந்தது. உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. ஆனால் அங்குள்ள ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் பலியாகின. உலை தப்பினாலும், கரையோரப் பாதை வெள்ளத்தில் இருந்தால் மக்கள் எதனால் போவது?

பாதை போதாது என்று தெரிந்தால் என்ன செய்வது? அமெரிக்காவின் லோங் ஐலண்ட் தீவில் ஷோரம் என்ற இடத்தில் ஓர் அணுமின் நிலையத்தைச் சுமார் 600 கோடி டொலர் செலவில் கட்டி முடித்தார்கள். அத்தீவின் கிழக்கில் இருப்பவர்கள் தரைவழியாக வெளியேற வேண்டுமானால் நிலையம் இருக்கும் பக்கமாகத்தான் வரவேண்டும். 1983 இல் சஃபோக் மாவட்ட நிர்வாகம் தன் மக்களைப் பாதுகாப்பாக வெளியேற்ற முடியாது என்று வெளிப்படையாகச் சொன்னது. கடைசியில் அந்த நிலையம் ஒரு நாள்கூட வர்த்தக ரீதியாக மின்சாரம் தராமலே மூடப்பட்டது. பணம் வீண் என்று சிலர் சொல்வார்கள். "முடியாது" என்று ஓர் அரச நிர்வாகம் உண்மை சொன்னதை நான் பெரிதாக நினைக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வியைக் கட்ட முன்னரே கேட்டிருந்தால் பணமும் மிஞ்சியிருக்கும்.

எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வரைபடத்தைப் பாருங்கள். தரைவழியாக வெளியே போக எங்களுக்கு ஆனையிறவு இருக்கிறது. 2011 இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலம் இருக்கிறது. இலங்கையிலும் அணுமின் நிலையம் வேண்டும் என்று அவ்வப்போது பேசப்படுகிறது. எங்கே கட்டுவது என்று பேசும் நாளில், எத்தனை பாதை என்ற கேள்வி முதலில் வரவேண்டும். அணு உலை இல்லாவிட்டாலும் புயலும் வெள்ளமும் சுனாமியும் எங்களுக்குப் புதியவை அல்ல.

இப்படியெல்லாம் பேசினால் மக்கள் பயந்துவிடுவார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். வைத்தியசாலையில் கதிர்வீச்சு அறைக் கதவில் எச்சரிக்கை அடையாளம் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்து உம்மும்மா பயந்து திரும்பி வரவில்லை. யார் உள்ளே போகலாம், யார் வெளியே நிற்க வேண்டும் என்று சொல்லித் தந்ததால் அவருக்குத் தைரியம்தான் வந்தது. தெரியாமல் இருப்பதுதான் பயம்.

ஆகவே நான் கேட்பவை பெரிய காரியங்கள் அல்ல. ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவிலும் தனியே நடக்க முடியாதவர்கள், கர்ப்பிணிகள், வாகனம் இல்லாத வீடுகள் யாவை என்ற பட்டியல் வருடாவருடம் புதுப்பிக்கப்படட்டும். அந்தப் பட்டியலை எழுதப் பெண்களையும் சேருங்கள்; எந்த வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஒத்திகையை விடுமுறை நாளில் வெறும் வீதியில் நடத்தாமல், பாடசாலை விடும் நேரத்தில், சந்தை கூடும் நாளில் நடத்துங்கள். பாடசாலைப் பிள்ளைகளை எங்கே கொண்டுபோவார்கள் என்று பெற்றோருக்கு முன்பே சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் ஊர் முழுக்கப் பாடசாலை வாசலில் நிற்கும், பாதை அங்கேயே அடைபட்டுவிடும்.

கடைசியாக ஒன்று. திட்டத்தில் போகும் வழி மட்டும் இருந்தால் போதாது; திரும்பி வரும் வழியும் எழுதப்பட்டிருக்க வேண்டும். காணி யாருடையது, வீட்டை யார் பார்ப்பது, எப்போது திரும்பலாம், முடியாவிட்டால் என்ன ஈடு என்பதெல்லாம் அதில் வேண்டும். தெல்லிப்பழை அம்மா தன் வளவுக்குத் திரும்ப இருபது வருடத்துக்கு மேல் காத்திருந்தார். உம்மும்மா தன் வாழ்வின் பாதியைப் புத்தளத்தில் கழித்துவிட்டுத்தான் யாழ்ப்பாணம் வந்தார். வீடு திரும்புவோம் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால், சைரன் ஊதினாலும் பலர் வாசற்படியை விட்டு அசையமாட்டார்கள்.

ஜமாஅத்தாகத் தொழும்போது பின்னால் நிற்கும் பலவீனரையும் முதியவரையும் நினைத்து இமாம் தொழுகையைச் சுருக்க வேண்டும் என்று எங்களுக்குச் சிறுவயதிலேயே சொல்லித் தந்திருக்கிறார்கள். வரிசையின் வேகத்தைத் தீர்மானிப்பவர் முன்னால் நிற்கும் பலசாலி அல்ல. வீதிக்கும் அது பொருந்தும்.

சிகிச்சை முடிந்த கடைசி நாளில், காங்கேசன்துறை வீதியில் பஸ்ஸுக்கு நின்றோம். உம்மும்மா படியில் ஏற நேரம் எடுத்தார். நடத்துநர் "மெதுவா ஏறுங்கோ அம்மா" என்று சொல்லிக் கையைப் பிடித்தார். பின்னால் நின்ற இரண்டு மோட்டார் சைக்கிள்கள் ஹோர்ன் அடித்தன. சாரதி அசையவில்லை, உம்மும்மா இருக்கையில் இருந்த பிறகே பஸ்ஸை எடுத்தார். என் ஒப்படையின் முதலாவது பக்கத்தை அன்றிரவு திருப்பி எழுதினேன். வீதியின் அகலத்தை இரண்டாம் பக்கத்துக்கு மாற்றிவிட்டேன்.