பொம்பரிப்புத் தாழியும் எங்கட மையவாடியும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

போன வாரம் வரலாற்றுப் பாடத்தில் ஒரு பிள்ளை கேட்டது: "சேர், பொம்பரிப்பில தாழிக்குள்ள அடக்கின ஆக்கள் என்ன மதம்?" நான் வாய் திறக்க முதலே வகுப்பில் மூன்று பதில் வந்துவிட்டது. தேத்தண்ணிக் கடையிலும் இதே மூன்று பதில்தான். எந்தப் பதில் சரியோ அந்த ஆக்களுக்கே காடும் காணியும் சொந்தம் என்ற நினைப்பு எல்லோருக்கும்.

பொம்பரிப்பு எங்களுக்குத் தூரமில்லை. மோதரகம் ஆற்றைக் கடந்து வில்பத்துக்குள்ளால் புத்தளம் போகும் பழைய பாதையில் இருக்கிறது. 1924இல் ஹோகார்ட் தோண்டினார், 1970இல் விமலா பெக்லி தோண்டினார். பெரிய மண் தாழிகள். ஒரே தாழியில் பலருடைய எலும்புகள். உடல் வேறெங்கோ அழிந்த பிறகு எலும்பைப் பொறுக்கி வைத்திருக்கிறார்கள். கூடவே கறுப்பு-சிவப்புச் சட்டிகள், மணிகள். அக்கரையில் ஆதிச்சநல்லூரிலும் இதே மாதிரித் தாழிகள்.

இவ்வளவும் கண்ணால் கண்டது. சட்டி ஏன் வைத்தார்கள்? மறுமையில் தேவைப்படும் என்றா, பாசத்திலா, குடும்பப் பெருமைக்கா? சட்டி இதற்குப் பதில் சொல்லாது. கிறிஸ்டோபர் ஹோக்ஸ் என்ற ஆய்வாளர் 1954இலேயே இதை ஏணி மாதிரி விளக்கினார். ஒரு பொருளை எப்படிச் செய்தார்கள் என்று அறிவது கீழ்ப்படி. என்ன தொழில் செய்து வாழ்ந்தார்கள் என்பது அதற்கு மேல். நம்பிக்கை உச்சிப்படி, ஏறக் கடினமானது. அதனால்தான் நல்ல ஆய்வாளர் ஒரு தாழியோடு நிற்கமாட்டார். ஒரே வழக்கம் நூறு இடத்தில் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பார்ப்பார்.

அப்படித் திரும்ப வந்தாலும் ஏமாறலாம். ஆயிரம் வருடம் கழித்து ஒருவர் எங்களைத் தோண்டுகிறார் என்று வையுங்கள். 2020 ஏப்ரலுக்கும் 2021 பெப்ரவரிக்கும் இடையில் இந்நாட்டு முஸ்லிம்கள் தங்கள் மையித்தை எரித்ததாகக் காண்பார். பிறகு ஓட்டமாவடி மஜ்மா நகரில் ஒரே இடத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கப்றுகள். "நம்பிக்கை மாறியது, பின் திரும்பியது" என்று எழுதினால் அது எவ்வளவு பெரிய பொய்! எரித்தது எங்கட ஈமான் இல்லை, வர்த்தமானி. பொம்பரிப்புத் தாழிக்குப் பின்னாலும் எந்த அரசன், எந்த நோய், எந்தக் கட்டாயம் இருந்ததோ.

எங்கட கப்றுக்குள் மணியும் இல்லை, சட்டியும் இல்லை. கபன் துணியும் உக்கிப்போகும். அறியாதவர் பார்த்தால் ஏழைகள் என்பார். அறிந்தவர் வடக்கே தலை, வலப்பக்கம் சரிந்து மேற்கே முகம் என்பதைப் பார்த்துக் கிப்லாவைக் கண்டுபிடித்துவிடுவார்.

தொல்லியல் பலகையைக் கண்டாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும், தெரியும். 2020இல் கிழக்குக்கு அமைத்த செயலணியில் ஆரம்பத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. அதற்காகப் படிப்பையே ஹராமாக்கினால் எங்கட மண்ணை வாசிக்கிற வேலை முழுக்க மற்றவர்களிடம்தான் போகும். உயர்தரம் முடித்த பிள்ளைகளே, பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் தொல்லியல் இருக்கிறது, விண்ணப்பியுங்கள். எல்லோரும் கணக்காளராக வேண்டுமென்று யார் சொன்னது?

இன்னொரு வேலை. 1990இல் ஓடினபோது உறுதி, படம் எல்லாம் போயிற்று. இருபது வருடம் கழித்து வந்தபோது ஊர் காடாகிக் கிடந்தது. பழைய மையவாடியில் மீஸான் கற்கள் இன்னும் நிற்கின்றன. யாருடையது எது என்று தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக மௌத்தாகிறார்கள். கல்லில் எழுதச் சொல்லவில்லை, மௌலவிமார் கோபிக்க வேண்டாம். கொப்பியில் எழுதுவோம், வரைபடம் கீறுவோம், எங்கட பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் அளப்பார்கள். பெரியவர்கள் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு அங்கே வாருங்கள். நடக்க ஏலாதவர்களை நான் மோட்டார் சைக்கிளில் ஏற்றி வருகிறேன்.