ஆட்டுக்கொல்லியும் நோயறி சோதனையும்

கம்பம் பள்ளத்தாக்கில் அறுவடை முடிந்த வயல்களில் ஆட்டுக் கிடை அமர்த்துவது பழைய வழக்கம். நிலத்திற்கு இது நல்ல எரு. ஆயினும் பல ஊர் மந்தைகள் ஒரே தரிசில் மேய்ந்து, ஒரே வாய்க்காலில் நீர் அருந்துங்கால், ஒன்றின் வியாதி மற்றொன்றிற்கு எளிதில் பரவும். அவ்வாறு பரவும் வியாதிகளுள் மிகக் கொடியது ஆட்டுக்கொல்லி.

கடும் சுரம், கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிதல், வாய்ப்புண், கழிச்சல், மூச்சுத் திணறல் ஆகியவை இதன் குறிகள். இவற்றுட் சில நீலநாக்கு நோயிலும், பாஸ்டுரெல்லாக் கிருமியால் உண்டாகும் நுரையீரல் அழற்சியிலும் தோன்றும். ஆகையால் கண்ணால் கண்ட மாத்திரத்தில் இன்ன நோய் எனத் துணிவது அனுபவசாலிக்கும் அரிது.

இதற்குச் சரித்திரமே சான்று. 1942-ல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டில் முதன்முதல் விவரிக்கப்பட்ட இந்நோய், இந்தியாவில் 1987-ல்தான், அந்நாளில் தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்த அரசூரில், செம்மறியாடுகளிடம் கண்டறியப்பட்டது. அதற்கு முன் ஆடுகளிடம் இக்குறிகள் தோன்றியபோது வெக்கை நோய் என்றே கருதினர். இரு நோய்களின் வைரஸ்களும் நெருங்கிய உறவுடையவை. அவற்றைப் பிரித்தறியும் சோதனை இன்மையே மயக்கத்திற்குக் காரணம். அக்குறை பின்னர் நீங்கிற்று. இந்திய கால்நடை ஆராய்ச்சி ஸ்தாபனத்தின் முக்தேஸ்வர் நிலையத்தார், மூக்குநீரில் வைரஸைக் காட்டும் எலைசா சோதனை ஒன்றும், இரத்தத்தில் எதிர்ப்பொருளைக் காட்டுவது மற்றொன்றும் ஆக்கினர்.

தடுப்பூசி இருக்கையில் சோதனை எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். ஒருமுறை போட்ட ஊசி சுமார் 3 ஆண்டுகள் காக்கும் என்பது மெய்யே. ஆனால் வழக்கிலுள்ள ஊசியைப் பெற்ற ஆட்டையும், நோய் கண்டு பிழைத்த ஆட்டையும் இரத்தச் சோதனை வேறுபடுத்திக் காட்டாது. 2030-க்குள் இந்நோயை ஒழிக்க உலக நாடுகள் இலக்குக் கொண்டுள்ளன. நோயுற்ற ஆட்டின் மூக்குநீரை உடனுக்குடன் சோதித்தாலன்றி, நோய் ஒழிந்ததா, ஒளிந்திருக்கிறதா என்பது விளங்காது.

எனவே சோதனை கிடைக்கே வருதல் வேண்டும். சில நிமிஷங்களில் விடை தரும் பட்டைச் சோதனையை இங்கிலாந்தின் பிர்பிரைட் ஆராய்ச்சி நிலையத்தார் முன்னரே செய்து காட்டியுள்ளனர். 2020-ல் தேனிக்கென ஏற்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி, இத்தகைய சோதனையை இப்பள்ளத்தாக்கின் மந்தைகளில் பழக்கத்திற்குக் கொணர்வது மிகப் பொருத்தமான பணியாகும்.

மந்தையுடையோர் கடமையும் ஒன்றுண்டு. மூக்கொழுகும் ஆட்டை உடனே பிரித்துக் கட்டி, கால்நடை வைத்தியருக்குத் தெரிவித்தல் வேண்டும். நோயின் பெயர் அறியாமல் அதனைச் சந்தைக்கு ஓட்டுவோர், தம் நஷ்டத்தை அயலார் பட்டிக்கு அனுப்புவோரே ஆவர்.