உச்சிப் பொழுதில் ஒரு கால் மணி நேரம்



அதிகாலையில் சரக்கு லாரி வந்து நின்றதும் எழுந்திருக்கும் நாம், இரவு கல்லாவைப் பூட்டும்வரை ஓய்வதில்லை. மதியச் சாப்பாடுகூட ஒரு கையில் போனும் மறு கையில் சோறுமாகத்தான் நடக்கிறது. இதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்கிறோம். இது பெருமைதானா?

சென்ற ஆண்டு மிளகாய் வற்றல் கொள்முதலில் நாம் தப்புக் கணக்குப் போட்டோம். விலை ஏறும் என்று மூட்டைகளை அடுக்கினோம், இறங்கிவிட்டது. நஷ்டம் வியாபாரத்தில் சகஜம். ஆனால், "இத்தனை வருட அனுபவம் இருந்தும் இப்படியா?" என்று தினமும் நம்மை நாமே திட்டிக்கொண்டிருந்தோம். அந்த எரிச்சலில் ஒரு நாள், எடையில் அரைக் கிலோ பிசகியதற்காக, 11 வருடம் நம்மிடம் இருந்த எடை போடும் தம்பியை நாலு பேர் முன்னால் கண்டபடி பேசிவிட்டோம். மறுநாள் அவர் வரவில்லை. வீடு தேடிப்போய் மன்னிப்புக் கேட்டோம். காப்பி கொடுத்தார்; திரும்பி வருகிறேன் என்று சொல்லவில்லை.

அதன் பிறகே நண்பர் ஒருவர் நம்மை மனவளக்கலை மன்றத்துக்கு அழைத்துப் போனார். நெசவாளர் குடும்பத்தில் 1911-இல் பிறந்த வேதாத்திரி மகரிஷி வகுத்த பயிற்சி அது. இப்போது நமது மண்டியில் மதியம் 1.30 மணிக்கு ஷட்டர் பாதி இறங்கும். போன்கள் கல்லாவுக்குள் போகும். முதலாளி, கணக்குப்பிள்ளை, சுமை தூக்குபவர் எல்லோரும் ஒரே பாயில் 15 நிமிடம் கண்மூடி அமர்கிறோம். ஒருவர் நிதானமாகச் சொல்லச் சொல்ல, மூச்சைக் கவனிக்கிறோம். பிறகு அன்றைய தவறை நினைத்துப் பார்த்து, நம்மை நாமே தேற்றிக்கொள்கிறோம்.

பாக்கி வைத்த சில்லறைக் கடைக்காரர் நொந்துபோய் வந்தால், "போகட்டும் அண்ணாச்சி, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறோம். அந்த ஒரு வார்த்தையை நமக்கு நாமே சொல்லிக்கொள்ள ஏன் மனம் வருவதில்லை?

இப்படி இருந்தால் அலட்சியம் வராதா என்று கேட்கலாம். மன்னிப்பது வேறு, கணக்கை அழிப்பது வேறு. தவறு பேரேட்டில் அப்படியே இருக்கும். தன்னைத் திட்டிக்கொண்டே இருப்பவன் அந்தப் பக்கத்தைப் புரட்டவே பயப்படுவான். மனம் அமைதியானவன் எடுத்துப் பார்த்துத் திருத்துவான்.

வியாபாரம் கெடும் என்ற பயமும் வேண்டாம். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காகக் கடையடைக்கும் இஸ்லாமிய வணிகர்கள் அதனால் நொடித்துப் போகவில்லை. எந்த மதத்தவரும் அவரவர் வழியில் அமரலாம். விருப்பமில்லாதவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது.

ஒன்றை மறக்க வேண்டாம். நான்கு மணி நேர வேலைக்குப் பின் ஒரு மணி நேர ஓய்வு தரவேண்டும் என்று 1947-ஆம் ஆண்டின் கடைகள் சட்டமே சொல்கிறது. ஊழியர்கள் உட்கார இருக்கை வேண்டும் என்று 2021-இல் திருத்தமும் வந்தது. ஆகவே இந்தக் கால் மணியை அவர்களது சாப்பாட்டு நேரத்தில் கழிக்கக் கூடாது. முதலாளியின் நேரத்திலிருந்துதான் கொடுக்க வேண்டும்.

ஒரு கடை மட்டும் ஷட்டரை இறக்கினால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போவார். தெரு முழுவதும் ஒரே நேரத்தில் இறக்கினால் யாருக்கும் நஷ்டமில்லை. சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் இதை எடுத்துப் பேசி, ஒரு தெருவிலாவது ஒரு மாதம் நடத்திப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். நல்ல ஊழியர் ஒருவரை இழந்த பிறகு நமக்கு வந்த புத்தி, மற்றவர்களுக்கு இழக்கும் முன்பே வரட்டும்.