முகவரிக்கு வாடகை கேட்பது சரி, வெளியேறும் வழியை அடைப்பது சரியல்ல

கோவையில் சிறு நிறுவனங்களின் கிளவுட் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. மாதப் பிறப்பில் வரும் பில்லை வரிவரியாகப் படிப்பதும் அதில் அடக்கம். ஒரு பின்னலாடை ஏற்றுமதியாளரின் பில்லில், டெஸ்டிங்குக்கு எடுத்து எப்போதோ அழித்த சர்வரின் ஐபி முகவரிக்கு மட்டும் கட்டணம் ஓடிக்கொண்டிருந்தது. "சர்வரே இல்லை, எதுக்கு சார் காசு?" என்றார் அவருடைய கணக்காளர்.

சர்வர் வேறு, முகவரி வேறு. நிலையான முகவரியை ஒரு சர்வரிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டலாம். சர்வரை அழித்தாலும் அது நம் பெயரிலேயே இருக்கும். 'ரிலீஸ்' கொடுக்கும்வரை மீட்டர் நிற்காது. வீட்டை இடித்த பிறகும் கதவு எண்ணுக்கு வாடகை கட்டுவது போல. ரிலீஸ் கொடுக்கவும் பயம்தான். வங்கியும் பேமென்ட் கேட்வேயும் அந்த எண்ணை அனுமதிப் பட்டியலில் ஏற்றியிருக்கும். விட்டால் அதே எண் திரும்பக் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

முன்பெல்லாம் அமேசான் கிளவுடில் சும்மா கிடக்கும் முகவரிக்குத்தான் தண்டம். ஓடும் சர்வரோடு பிணைத்த முதல் முகவரி இலவசம். அது நியாயமான விதி. 2024 பிப்ரவரி 1 முதல், பிணைத்தாலும் பிணைக்காவிட்டாலும் பழைய முறையான ஐபிவி4இல் உள்ள ஒவ்வொரு பொது முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர். மாதம் சுமார் 3.60 டாலர், அதற்கு மேல் ஜிஎஸ்டி. கூகுள் கிளவுட் 2020இலேயே ஓடும் சர்வர்களின் முகவரிக்கும் கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டது.

முகவரிகளுக்குத் தட்டுப்பாடு என்பது பொய்யில்லை. ஐபிவி4இல் மொத்தமே சுமார் 429 கோடி எண்கள். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. 2019இல் அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்கென ஒதுக்கியிருந்த தொகுதியிலிருந்து சுமார் 40 லட்சம் முகவரிகளை அமேசானே விலைக்கு வாங்கியது. காசு போட்டவர் வாடகை கேட்பதில் எனக்குச் சண்டையில்லை.

சண்டை, தப்பிக்கும் வழியைப் பற்றியது. "புதிய முறையான ஐபிவி6க்கு மாறுங்கள், அதற்குக் கட்டணமில்லை" என்கிறார்கள். கட்டணம் தொடங்கிய நாளில் அமேசானின் பல சேவைகளையே ஐபிவி6 வழியாக எட்ட முடியவில்லை. ஐபிவி6 மட்டுமுள்ள சர்வர், ஐபிவி4 மட்டுமுள்ள பழைய தளங்களைத் தொட வேண்டுமென்றால், இரண்டுக்கும் நடுவே முகவரியை மாற்றித் தரும் நாட் கேட்வே வேண்டும். வட வர்ஜீனியாவில் அதற்கு மணிக்கு 0.045 டாலர், அதாவது ஒன்பது முகவரிகளின் வாடகை. கடந்து செல்லும் டேட்டாவுக்குத் தனிக் காசு. வேடிக்கை என்னவென்றால், இணையத்தைத் தொடும் அந்த கேட்வேக்கும் ஒரு பொது ஐபிவி4 முகவரி வேண்டும். அதுவும் பில்லில் ஏறும். ஒரே சர்வர் வைத்திருப்பவர் பல்லைக் கடித்துக்கொண்டு 3.60 டாலரைக் கட்டிவிட்டுப் போவார்.

பழைய இணையத்தை எட்டும் அந்த ஒரு வழியையாவது, ஐபிவி6க்கு மாறுகிற சிறு வாடிக்கையாளருக்கு இலவசமாகத் திறந்துவிடட்டும். சர்வரை அழிக்கும் பொத்தானை அழுத்தும்போதே, "இந்த முகவரியையும் விட்டுவிடலாமா, வைத்திருந்தால் மாதம் இவ்வளவு" என்று கேட்கட்டும். அதன் பிறகு கட்டணத்தை ஏற்றினாலும் நான் பேசமாட்டேன்.