பாடியவர் பெயர் என்ன?

அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த கறுப்பினப் பாடகி ரியானன் கிட்டென்ஸ். 'கரோலினா சாக்லேட் டிராப்ஸ்' இசைக்குழுவில் பாடியவர்; பாஞ்சோவும் ஃபிடிலும் வாசித்தவர். பாஞ்சோ, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாக இழுத்துவரப்பட்ட மக்களின் கைவழி வந்த தந்திக் கருவி. வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசி, கறுப்பரைக் கேலி செய்த மேடைகளில் அதையே வாசித்தார்கள். பிறகு அது வெள்ளையரின் கருவி என்றே பலரும் நம்பினார்கள். அந்த வரலாற்றை இசையால் மீட்ட குழு அது.

2015-ல் கிட்டென்ஸ் தன் முதல் தனி ஆல்பத்தை வெளியிட்டார். பெயர் 'டுமாரோ இஸ் மை டர்ன்', அதாவது 'நாளை என் முறை'. தனியே வந்தவர் தன் பெருமையைப் பாடவில்லை. 11 பாடல்களில் அவர் எழுதியது ஒன்றுதான். மற்றவற்றில் பெரும்பாலானவை முந்தைய தலைமுறைப் பெண்கள் பாடியவை.

அவர்களில் ஒருவர் எலிசபெத் காட்டன். சிறுவயதிலேயே வீட்டுவேலை செய்து சேர்த்த காசில் கிட்டார் வாங்கியவர். இடக்கைப் பழக்கத்தால் அதைத் தலைகீழாகப் பிடித்துத் தானே கற்றார். முதல் ஆல்பம் வந்தபோது வயது 60-ஐத் தாண்டிவிட்டது. சிறுமியாக அவர் கட்டிய ரயில் பாட்டு, பிரிட்டனில் வேறு ஆட்கள் பெயரில் வெளியானது.

இது நமக்கும் தெரிந்த கதைதான். சேரிப் பெண்களின் நடவுப் பாட்டும் ஒப்பாரியும் பல நூல்களில் ஏறியிருக்கின்றன. தொகுத்தவர் நூலாசிரியர் ஆகிறார்; பாடியவர் பின்னிணைப்பில் 'தகவலாளர்' ஆகிறார். அதுவும் இல்லாத நூல்கள் உண்டு. 'நாட்டுப்புறப் பாடல்' என்று போட்டால் முடிந்தது. நாட்டுப்புறம் என்பது ஓர் ஆளின் பெயரா?

"இவை பொதுப் பாட்டு, யார் கட்டியது என்று தெரியாது" என்பார்கள். கட்டியவர் தெரியாமல் இருக்கலாம். பாடியவர் நம் எதிரில்தானே உட்கார்ந்திருக்கிறார்?

ஆய்வேட்டுக்குப் பாட்டுச் சேகரிக்கும் மாணவர்களுக்குச் சொல்கிறோம். பதிவு செய்யும் முன் சம்மதம் கேளுங்கள். பாடியவரின் பெயர், ஊர், யாரிடம் கற்றார் என்பதைப் பாட்டுக்கு மேலேயே எழுதுங்கள். அன்று வேலைக்குப் போகாமல் பாடியிருந்தால் அந்த நாள் கூலியைக் கொடுங்கள். அச்சானதும் ஒரு பிரதியைக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுங்கள். இவ்வளவுகூடச் செய்யாவிட்டால் நாம் செய்வது சேகரிப்பு அல்ல, எடுத்துக்கொண்டு போவது.