பல்லைப் பிடுங்கியும் வீக்கம் வற்றவில்லையா?

கன்னியாகுமரி மாவட்டத்து மயிலாடி என்றால் உளிச் சத்தந்தான் நினைவுக்கு வரும். கோயில் சிலைகள் செய்கிற ஊர். அங்கே ஒரு வீட்டு ஆச்சிக்கு மேலண்ணத்தில் மெத்தென்று ஒரு வீக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வலி இல்லை. "பல்செட் உறுத்துகிறது, வேறென்ன?" என்கிறாள் ஆச்சி. மருமகள், "புற்றாக இருக்குமோ?" என்று பயப்படுகிறாள். "நான் வெற்றிலையைத் தொட்டதே இல்லையே, மக்களே!" என்று சிரிக்கிறாள் ஆச்சி. (நாஞ்சில் நாட்டில் ஒருத்தியானாலும் 'மக்களே'தான்!)

ஆச்சியின் பேச்சிலும் நியாயம் உண்டு. அதே மாவட்டத்து நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர், வெற்றிலை போடுகிறவர்களுக்கு வரும் வாய்ப் புற்றைப் பற்றி 1933-லேயே 'லான்செட்' பத்திரிகையில் எழுதியிருக்கிறார். ஆனால் வாயில் வருவதெல்லாம் அந்த வகைதானா? லிம்போமா என்று வேறொன்று உண்டு, சகோதரிகளே. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறதல்லவா? அந்த நெறியில் காவல் காக்கும் வெள்ளணுக்கள் வரைமுறையின்றிப் பெருகுவதே இது. டான்ஸில், அண்ணம், ஈறு, தாடை எங்கும் தலைகாட்டும். வெற்றிலை போடாதவர்களுக்கும் வரும்.

இதன் வேஷந்தான் ஆளை ஏமாற்றும். ஈறு வீங்கிப் பல் ஆடும். சீழ் என்று பல்லைப் பிடுங்குவார்கள். வீக்கம் மட்டும் வற்றாது. ஒரு பக்கத்து டான்ஸில் மாத்திரம் பெருக்கும். சிலருக்குக் கீழுதடும் முகவாயும் மரத்துப் போகும். கழுத்தில் வலியில்லாமல், ரப்பர் பந்துபோல் நெறி கட்டலாம். காய்ச்சல், இராத்திரி வியர்வை, உடல் இளைப்பு எல்லாம் பலருக்கு வருவதேயில்லை. அவற்றுக்காகக் காத்திருக்க வேண்டாம். குழந்தைகளையும் இது விடாது. உகாண்டாவில் குழந்தைகளின் தாடைக் கட்டியைப் பற்றி டாக்டர் பர்கிட் 1958-ல் எழுதினாரே, அதுவும் லிம்போமாதான்.

ஆச்சியின் பல்செட்டை ராவிச் சரிசெய்யட்டும். இரண்டு வாரத்தில் வீக்கம் வற்றாவிட்டால், ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டியதுதான். அங்கே சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள். "கத்தி பட்டால் பரவிவிடும்" என்று அக்கம்பக்கத்தார் சொல்வதைக் கேட்டு இதைத் தட்டிக் கழிக்காதீர்கள். துணுக்கு எடுக்காமல் எந்த டாக்டராலும் லிம்போமாவை நிச்சயிக்க முடியாது. கண்ணால் பார்த்தும், ஸ்கானில் பார்த்தும் சந்தேகப்படலாம், அவ்வளவே.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வீக்கம் வற்ற ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். லிம்போமா அதற்குச் சற்றே சுருங்கும். வீட்டில் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். பிறகு துணுக்கு எடுத்தால் நோய் இன்னதென்று தெரியாமல் குழம்பிப் போகும், நாளும் வீணாகும்.

லிம்போமா என்று முடிவானாலும் இடிந்து போகாதீர்கள். வாயை வெட்டியெடுக்கும் பெரிய ஆபரேஷன் பெரும்பாலும் இதற்குத் தேவைப்படாது. மருந்தும், சிலருக்குக் கதிர் சிகிச்சையும் போதும். குணமாகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் இதில் பல வகைகள் உண்டு. வகைக்குத் தக்கபடி மருந்து மாறும். ஆகையால் ரிப்போர்ட்டில் 'லிம்போமா' என்று மட்டும் இருந்தால், "எந்த வகை, டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.