பிரிந்த பிறகு உடம்பை யார் பார்ப்பது?

“எங்களுக்கு ஒத்துவரல, பிரிஞ்சிடுறோம்” என்று கணவனும் மனைவியும் சேர்ந்தே ஹட்டன் நீதிமன்றப் படியேறினாலும் அது மட்டும் போதாது. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் காரணம் கேட்கும்: சோரம், வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், மணமுடித்தபோதே இருந்த தீராத ஆண்மைக் குறைவு. யாராவது ஒருவர் குற்றவாளியாக வேண்டும். அதனால் தோட்டங்களில் பலர் வழக்குக்கே போவதில்லை. தோட்டத் தலைவரை வைத்துப் பேசிப் பார்ப்பார்கள். சரிவராவிட்டால் கணவன் கொழும்புக் கடைக்கு, மனைவி பிள்ளைகளோடு தாய்வீட்டு லயத்துக்கு.

இந்த அரைகுறைப் பிரிவின் பாரத்தை உடம்புதான் சுமக்கிறது.

ஆண் சீக்கிரம் சரிகிறான். நேரத்துக்குச் சோறில்லை, மனசுவிட்டுப் பேச மனைவியைத் தவிர வேறு ஆளிருந்ததில்லை, பொழுதுசாய்ந்தால் சாராயம். மணமுறிவுக்கு ஆளான ஆண்களிடையே தற்கொலை அதிகம் என்று பிரெஞ்சு சமூகவியலாளர் டர்க்கைம் 1897லேயே எழுதினார். இலங்கையில் தற்கொலையால் இறப்பவர்களில் பெரும்பான்மையோர் இன்றும் ஆண்களே. 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணை அழைப்பதில் வெட்கம் எதுவுமில்லை. லயத்துக்கு லயம் அதை எழுதி ஒட்டலாம்.

பெண்ணின் சேதம் வெளியே தெரிய வருடங்கள் ஆகும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1992 முதல் 2010 வரை 15,827 பேரின் நலத்தைத் தொடர்ந்து கவனித்து, 2015இல் முடிவை வெளியிட்டார்கள். ஒருமுறை விவாகரத்தான பெண்களுக்கு மாரடைப்பு அபாயம் 24 சதவீதம் அதிகம். ஒன்றுக்கு மேற்பட்ட முறை என்றால் 77 சதவீதம். மறுமணம் செய்தும் அது பெரிதாகக் குறையவில்லை. ஆண்களுக்கோ ஒரு விவாகரத்தால் அபாயம் கூடவில்லை.

தனித்து வாழும் கொழுந்துக்காரியின் நாளைப் பார்த்தால் காரணம் தேடவே வேண்டாம். விடியுமுன் தண்ணீர் பிடித்து, ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பள்ளிக்கு ஆயத்தப்படுத்திவிட்டுப் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு ஓட வேண்டும். பிரஷர் மாத்திரைக்காக டிக்கோயா ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர், அதாவது அந்த நாள் சம்பளம், போய்விடும். 1999ஆம் ஆண்டின் தாபரிப்புச் சட்டம் பிள்ளைச் செலவுக்குப் பணம் வாங்கித் தரும்தான். ஆனால் வழக்குத் தவணைக்குத் தவணை இன்னொரு பேர் போகும். மாத்திரை தீர்ந்தாலும் ‘அடுத்த மாசம் பார்ப்போம்’ என்று தள்ளிப்போடுவது இப்படித்தான்.

பிரிவின் இந்தச் சேதங்களைச் சொல்லி, அடிக்கிறவனோடு அனுசரித்துப் போகச் சொல்வது கொடுமை. அப்படிப்பட்ட வீட்டைவிட்டு வெளியேறிய பிறகே நிம்மதியாகத் தூங்கும் பெண்கள் உண்டு. 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அவர்கள் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம்.

ஒருவரையொருவர் குற்றம் சாட்டாமல், சம்மதத்தோடு பிரியச் சட்டம் இடம்தர வேண்டும். அந்தத் திருத்தம் வரும்வரை தோட்ட நிர்வாகங்கள் காத்திருக்கத் தேவையில்லை; கிளினிக் நாளுக்கும் தவணை நாளுக்கும் பேர் வெட்டாமல் இருந்தாலே பெரிய உதவி. அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தைக்கு உட்காரும் தொழிற்சங்கங்கள் இதைக் கோரிக்கையாகவே வைக்க வேண்டும்.